மனிதர் நிறத்தில் ஒரு புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

ஹெல்மெட் பட்டை அறுந்துவிட்டது. புதிது வாங்கப் போனேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்தார், கையில் எடுத்த ஹெல்மெட்டைப் பார்த்தார், அதை வைத்துவிட்டுக் குழந்தைகள் அடுக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். ஊதா நிறம், பக்கவாட்டில் டைனோசர் படம். "இதுதாங்க உங்களுக்குக் கச்சிதமா உக்காரும்." கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. அதுதான் எரிச்சல்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். "உங்க அப்பாவுக்கும் அப்படித்தான், சின்னத் தலை. அதுக்குள்ள எவ்வளவு பிடிவாதத்த அடைச்சு வெச்சிருந்தாரு மனுஷன்!" என்றாள். அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றி அம்மா பேசுவதெல்லாம் இப்படித்தான், பாதி திட்டு.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட்காரர் வேறு பாட்டு. (என் கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். இந்த நோட்டில் அவருக்கு அதுதான் பெயர்.) "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு ஸ்கூட்டர் என்ன வேண்டிக்கிடக்கு? பஸ்ல போ." இதை வாங்குவதற்கு முன்னால் சொல்லக் கூடாதா? டைனோசர் ஆணியில் தொங்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஆய்வகத்தில் தீனி போடுவது என் முறை. செல்களுக்கு விடுமுறை தெரியாது. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பாகப் புதியதை ஊற்றி, இன்குபேட்டர் கதவைச் சாத்த வேண்டும். ஒரு தட்டுக்கு அவசரப்பட்டாலும் உருண்டை குழாய்க்குள் போய்விடும், அவ்வளவு மாத உழைப்பும் போச்சு.

மூளை உருண்டைகள். ரத்தத்திலிருந்து செல்லை எடுத்து, அதற்குத் தன் வயதே மறந்துபோகும்படி செய்து, கருவில் இருந்த காலத்துக்குத் திருப்பி அனுப்பி, அங்கிருந்து மூளையாக வளரவிடுகிறோம். பட்டாணி அளவுகூட வராது. அது நினைக்காது, கனவு காணாது. ஆனால் கருவில் ஒரு மூளை தொடக்கத்தில் என்னென்ன செய்யுமோ அதை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் பூப்போல வட்டம் கட்டி நிற்கின்றன. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் "அடேயப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அறையில் வேறு யாருமில்லை.

மேல் அடுக்கில் சிம்பன்ஸி, கீழ் அடுக்கில் மனிதர். சிம்பன்ஸி ரத்தம் மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்தது. அங்கே ஒருத்திக்குப் பல் பிடுங்க மயக்கம் கொடுத்தபோது மிருக டாக்டர் எங்களுக்காகவும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியக்கா. மனித ரத்தத்துக்கு எங்கே அலைவது என்று நாங்களே கையை நீட்டினோம் – ஆய்வகத் தலைவரான மேடம், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் (மூக்குக்கண்ணாடிக்காக அவனுக்கு இங்கே பெயர் 'கண்ணாடி'), அப்புறம் நான். குழாயில் பெயர் இல்லை. ம-1, ம-2, ம-3 என்று மட்டும். யாருடையது எது என்பது ரகசியம். ஆபீஸ் ரகசியம், அதாவது வாட்ச்மேனுக்கும் தெரியும். ம-3 நான்.

பெரியக்காவும் நாமும் பங்காளிகள். பாகப்பிரிவினை நடந்து அறுபது எழுபது லட்சம் வருடம் இருக்கலாம். இரு தரப்புக்கும் மரபணுவில் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒன்றேதான். மிச்சம் இருக்கிற அந்தத் துளியூண்டில்தானா இந்த பஸ், இந்தப் பாட்டு, இந்த டைனோசர் ஹெல்மெட் எல்லாம்?

கதவைச் சாத்தும்போது வயிற்றில் மீன் திரும்பியது போல ஒன்று. வாயுவா, பிள்ளையா? தெரியவில்லை. அங்கேயும் செல்கள் இப்போது வட்டம் கட்டி நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்ததும் நடை மெதுவாகிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

கண்ணாடி கீழ் அடுக்கின் படங்களில் செல்களை எல்லாம் எண்ணி முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றான். "அக்கா, ம-3 தட்டுல ஏதோ இடிக்குது."

விஷயம் இதுதான். மூளை உருவாகும்போது இளம் செல்லுக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருப்பது. இல்லை, போதும் என்று நரம்பு செல்லாக மாறி ஓரிடத்தில் அமர்ந்துவிடுவது. சிம்பன்ஸி செல்கள் சீக்கிரமே வேலைக்குப் போய்விடுகின்றன. மனித செல்கள் இன்னும் படித்துக்கொண்டே இருக்கின்றன, வீட்டில் எத்தனை பேர் திட்டினாலும். அப்படித் தள்ளிப்போட்டுப் பெருகியதால்தான் நம் மூளைக்கு இவ்வளவு செல்.

ம-3 உருண்டைகள் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டன. அளவும் சின்னது. பெரியக்காவின் உருண்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அவளுடையது என்றே சொல்லலாம்.

"தட்டு மாறிடுச்சோ?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமைகளில் தீனி போட்டது யார்? நான். அடுக்கை மாற்றி வைத்திருந்தால் அது யார்? நான்!

மார்ச் 13, வெள்ளி

மேடம் என்னை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க". இன்று காலை: "உக்காருங்க. ஞாயித்துக்கிழமை எந்த வரிசையில தட்டுகள வெளிய எடுத்தீங்கன்னு நிதானமா சொல்லுங்க."

சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான் எடுப்பேன், ஒன்றை உள்ளே வைக்காமல் அடுத்ததைத் தொட மாட்டேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் – இந்த மாதங்களில் ஒரு நாள் கை தவறியிருக்காதா? இரண்டு வருட வேலை. என் ஒரு கை மாறாட்டத்தில் குப்பைக்குப் போனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போவேன்?

தட்டிலிருப்பது யார் என்று உறுதிசெய்யச் செல்களை அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

மனிதர்! ம-3 மனிதர்தான்! சிம்பன்ஸியின் சுவடே இல்லை. தட்டு மாறவில்லை, கலப்படமும் இல்லை.

மேடம் மறுபடி "நீ"க்கு இறங்கிவிட்டார். "சாரிம்மா, கேக்கவேண்டியது என் கடமை." கண்ணாடி பேக்கரி பன் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தான், மன்னிப்பு கேட்கத் தெரியாதவன். சாப்பிட்டுவிட்டேன். கோபத்துக்கும் பசிக்கும் இந்த மாதம் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் ம-3 ஏன் இப்படி? ம-3இன் மரபணு எழுத்து முழுவதையும் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். வர நாளாகும்.

மார்ச் 31, செவ்வாய்

வாயு இல்லை. பிள்ளைதான். லிஃப்ட்காரர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணாவது மாடிக்கு யாரோ பட்டன் அமுக்குறாங்க" என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

படித்த முடிவு வந்தது. கண்ணாடியின் திரையில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நகல் இருக்கிறது என்று காட்டும் கோடு அது. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று இரண்டில் நேராக ஓடும். ம-1 நேராக ஓடியது. ம-2 நேராக ஓடியது. ம-3, முதல் குரோமோசோமில் ஓரிடத்தில் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கி, ஒன்றில் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி ஏறியது.

அந்த இடம் எது என்று எங்கள் இருவருக்கும் பார்த்த உடனே தெரியும். அதை வைத்துத்தானே பிழைப்பு நடத்துகிறோம். அங்கே இருக்கிற ஜீனின் பெயரை எழுதினால் போன் நம்பர் மாதிரி இருக்கும், வேண்டாம். கதை மட்டும். முன்னோர் காலத்தில் ஒரு ஜீனை நகலெடுக்கும்போது அரைகுறையாக ஒரு நகல் விழுந்தது. உபயோகமில்லாதது. பெரியக்கா வீட்டில் இன்றைக்கும் அது ஓட்டை உடைசலாகவே கிடக்கிறது, கொரில்லா வீட்டிலும் அப்படித்தான். நம் வீட்டில் மட்டும், முப்பது நாற்பது லட்சம் வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு தற்செயலில் அந்த உடைசல் சரியாகி வேலை செய்ய ஆரம்பித்தது. அப்புறம் இன்னும் சில நகல்களானது. அது இளம் செல்லிடம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: அவசரப்படாதே, இன்னும் ஒரு தடவை பிரி, அப்புறம் வேலைக்குப் போகலாம்.

அந்த நகல்கள் இருக்கும் துண்டுதான் ம-3க்கு ஒரு பக்கம் இல்லை.

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அக்கா, டீ குடிக்கப் போலாமா?" என்றான். ம-3 யார் என்று வாட்ச்மேனுக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா?

மேடம் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "தப்பு நம்ம எல்லாருதும்தான். நம்மள நாமே நார்மல்னு நெனச்சிக்கிட்டு அளவுகோலா வெச்சிட்டோம்."

நார்மல்.

ஏப்ரல் 10, வெள்ளி

பிள்ளைக்கும் இருக்குமா? பாதிக்குப் பாதி. பூவா தலையா. கடவுளே, பயமா இருக்கு, ரொம்ப பயமா இருக்கு.

ஏப்ரல் 12, ஞாயிறு

லிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டேன். காலையில் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். படம் வரைந்து விளக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்; நின்ற இடத்திலேயே அழுதுகொண்டே எல்லாம் கொட்டிவிட்டேன். மனுஷ மூளைய மனுஷ மூளையா ஆக்குறது அதுதானாம், அது எனக்குப் பாதிதானாம், தட்டுல என்னோடது கொரங்கு மாதிரி வளருதாம், புள்ளைக்கு என்ன குடுத்திருக்கேனோ தெரியலன்னு...

அவர் ஈரச் சட்டையைக் கையில் வைத்தபடி கேட்டார். அப்புறம், "பாதி இல்லாமயே இந்தப் பேச்சா? முழுசா இருந்திருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்?"

அடித்தேன். நிஜமாகவே அடித்தேன், தோளில். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம், சிரிப்பு நிற்கவே இல்லை, அது எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சமையலறை வரை ஓடியது.

அம்மாவுக்குப் போன். அநேகமாக அப்பா வழியில் வந்திருக்கும் என்றேன். நிச்சயமில்லை, சின்னத் தலையை வைத்துச் சொல்கிறேன். "நல்லா இருக்கு! இல்லாததையும் சொத்துன்னு பொண்ணுக்கு எழுதி வெச்சிட்டுப் போனாரா உங்க அப்பா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "அவரு எதுல கொறைஞ்சு போயிட்டாருன்னு நெனக்கிற? சொல்லு பாப்போம்."

ஏப்ரல் 15, புதன்

மரபணு ஆலோசகர். சின்ன அறை, மேஜையில் டிஷ்யூ பெட்டி, எங்களைப் பார்த்ததும் அதை எங்கள் பக்கம் நகர்த்தினார். வேலையின் முதல் பாடம் போலிருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "இந்தத் துண்டு இல்லாத நெறைய பேருக்கு அது இல்லைங்கிறதே தெரியாது. சில குழந்தைங்களுக்குப் பேச்சு லேட் ஆகும், படிப்பு சிரமமா இருக்கும். சிலருக்கு இருதயத்துல கோளாறு வரும். சிலருக்குத் தலை கொஞ்சம் சின்னதா இருக்கிறதோட சரி. வயித்துல ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாத்தா துண்டு இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். உங்க குழந்தை எந்தச் சிலர்ங்கிறத எந்த டெஸ்டும் சொல்லாது."

நான் என் வேலை மிடுக்கில் சதவீதம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "சதவீதத்த விட நம்பகமான சாட்சி நீங்கதான், அந்தத் துண்டு இல்லாமயே வளந்தவங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "லிஃப்ட் நிக்கப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா போய் ஒரு பார்ட்ட மாத்தலாம். இதுல தெரிஞ்சா நாம எத மாத்தப்போறோம்?"

"இருதயத்த மாத்திரம் பாக்கலாம். அதுல கோளாறுன்னா டாக்டர் ஏதாவது செய்யலாம்."

"அப்ப அத மட்டும் பாப்போம்."

ஊசி வேண்டாம். இது தைரியமா கோழைத்தனமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் வேறு மாதிரி முடிவெடுப்பார்கள், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மிருகக்காட்சிசாலை. இத்தனை காலம் பெரியக்காவின் செல்லுக்குத் தீனி போட்டேன், ஒரு நாள் கூட அவளைப் போய்ப் பார்த்ததில்லை.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதப் பை. அதை உரித்து, மடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருந்தாள். என்ன விரல்கள்! நகத்தைச் சுற்றிச் சுருக்கம் கூட அம்மாவின் விரல் மாதிரி. என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். தன் ரூட் இல்லாத பஸ்ஸைப் பார்க்கிற பார்வை. மறுபடி பைக்குத் திரும்பிவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் மனசுக்குள் சண்டை போட்டேன். உன் வீட்டில் உடைந்து கிடக்கிறது, நீ கவலைப்படவில்லை. என் வீட்டில் எனக்கென்று பார்த்து ஒரு பங்கு குறைகிறது, நான் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். அவள் தலையைச் சொறிந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எதிலும் குறைந்தவளாகத் தெரியவில்லை. முழுசாக ஒருத்தி, தன் வேலையில் மூழ்கியிருந்தாள்.

நமக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு ஜீன் மட்டும் இல்லை. இன்னும் எத்தனையோ. நரம்பு செல்களின் இணைப்புகள் நிதானமாக முதிரும்படி பார்த்துக்கொள்ளும் நகல் ஒன்று. கோடிக்கணக்கான வருடம் எந்த மிருகத்திலும் அசையாமல் இருந்துவிட்டு, நம்மில் மட்டும் திடீரென்று எழுத்து மாறிய இடங்கள் பல. அவை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாது. ஒரு செங்கல் இல்லை என்று வீட்டையே இல்லை என்று நினைத்துவிட்டேனோ?

பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம், "அது நம்மள மாதிரியே இருக்கே" என்றாள். அவர், "ஆமா, உங்க அத்தை மாதிரி" என்றார். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இருதய ஸ்கேன். நான்கு அறைகளும் சரி. வால்வுகள் சரி. திரையில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரர், "மோட்டார் பிரமாதம்" என்றார். ஸ்கேன் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தலையின் அளவும் எடுத்தார். "கீழ் எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. ஆனா எல்லைக்குள்ளதான்." உங்களுடையதும் சின்னத் தலைதானே என்று கேட்கவில்லை. பார்வை மட்டும் ஒரு விநாடி மேலே போய் இறங்கியது.

மே 7, வியாழன்

இன்று ஆய்வகத்தில் கத்திவிட்டேன்.

கண்ணாடி கட்டுரைக்கான படத்தை வரைந்து சுவரில் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு புள்ளி. சிம்பன்ஸி ஆரஞ்சு, கீழே கூட்டமாக. மனிதர் நீலம், மேலே கூட்டமாக. ஆரஞ்சுக் கூட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புள்ளிகள். அதற்குப் பக்கத்தில் 'விலகியவை' என்று எழுதியிருந்தான்.

"அது என்ன சாம்பல்?"

"ம-3 அக்கா. மத்ததோட சேத்தா மனிதர் சராசரி கெட்டுப்போகுது. அதான்..."

"கெடட்டும்."

"அக்கா, கணக்குப்படி..."

"கணக்கு இருக்கட்டும்டா. நான் என்ன? சொல்லு. நான் இங்க நிக்கிறேனே, நான் யாரு? ஆரஞ்சும் இல்ல, நீலமும் இல்ல, சாம்பலா? சாம்பல் என்ன ஜாதி மிருகம்? என் வயித்துல இருக்கிறதுக்கும் சாம்பல் பூசுவியா?"

அவன் முகம் செத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. கணக்குப்படி அவன் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம். மேடம் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போம்மா. யோசிக்கிறேன்" என்றார்.

மே 8, வெள்ளி

போகவில்லை. கால் வீக்கம் என்று சொன்னேன். வீக்கம் காலில் இல்லை.

மே 18, திங்கள்

மேடம் கூப்பிட்டார். கண்ணாடியும் இருந்தான், பன் பையோடு.

"நாம கேக்கவேண்டிய கேள்வியையே மாத்திட்டோம்" என்றார் மேடம். "மனுஷனுக்கு ஒரு சராசரி இருக்குன்னு நெனச்சு வேலைய ஆரம்பிச்சோம். ஆனா பாரு, துண்டு இல்லாத செல்லு தட்டுல சிம்பன்ஸி மாதிரி அவசரப்படுது. அதே செல்லுலேர்ந்து வந்த ஆளு என் முன்னாடி உக்காந்து என்னையே வாதத்துல ஜெயிக்கிறா. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? எதத் தள்ளிப்போட்டு எத ஈடுகட்டுச்சு அந்த மூளை? இதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல. அது சாம்பல் இல்லம்மா. அதுதான் கட்டுரையே."

இன்னும் பலரிடம் ரத்தம் வாங்கப்போகிறோம், இந்தத் துண்டு இல்லாதவர்களிடமும் இரட்டிப்பாக உள்ளவர்களிடமும். ஆய்வக ஆட்களின் கை இனி வேண்டாம். என் செல்கள் இருக்கலாமா என்று முறையாகக் கேட்டார்கள். இருக்கலாம் என்றேன், நிறம் நீலமாக இருந்தால்.

ஜூன் 16, செவ்வாய்

முதுகு வலி. நிற்க முடியவில்லை. ஆனால் இன்று புரிந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

அந்தத் துண்டு ஏன் சிலருக்கு அறுந்துபோகிறது என்றால், அங்கே ஒரே மாதிரி நகல்கள் அடுத்தடுத்து இருப்பதால்தான். ஒரே மாதிரி பக்கங்கள் உள்ள புத்தகத்தைப் படிப்பவர் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுமே, அது போல. தாவினால் நடுவில் உள்ளது போச்சு. இது தெரிந்ததுதான், எப்போதோ பரீட்சைக்கு எழுதியதுதான். ஆனால் இன்று பஸ்ஸில் உறைத்தது. நகல்கள் பெருகியதால்தான் நம் மூளை பெரிதானது. நகல்கள் பெருகியதால்தான் என்னுடையது அறுந்தது. இரண்டும் ஒரே காரணம். உலகத்தில் உள்ள அத்தனை பேருடைய மூளைக்கும் சேர்த்து யாராவது ஒருவர் அந்த வழுக்கலில் விழவேண்டியிருக்கிறது, இந்தத் தடவை நானும், அநேகமாக அப்பாவும்.

கோபம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. முப்பது நாற்பது லட்சம் வருடத்துக்கு முன் ஏதோ ஒரு உடம்பில் ஒரு உடைசல் சரியாகி, அது கை மாறிக் கை மாறி, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் குடைக்குள், கண்டக்டரின் விசிலுக்குள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. என்னிடம் பாதி. அந்தப் பாதியை வைத்துத்தான் இதை எல்லாம் யோசிக்கிறேன். என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 11, சனி

கண்ணாடி போனில் படம் அனுப்பினான். ஆரஞ்சுக் கூட்டம் கீழே, நீலக் கூட்டம் மேலே. ஆரஞ்சின் ஓரத்தில், ஏறக்குறைய அதைத் தொட்டுக்கொண்டு, சில நீலப் புள்ளிகள். 'விலகியவை' இல்லை. அடியில் ஒரு குறிப்பு, இந்த மனிதருக்கு இன்ன துண்டு ஒரு பக்கம் இல்லை என்று. இந்த மனிதருக்கு!

லிஃப்ட்காரரிடம் காட்டினேன். "எங்க நீ?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தனியா நின்னாலும் சட்டை நம்ம சட்டைதான்" என்றார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வேறொருத்தி என் முறைக்குத் தீனி போடுகிறாள். போன் செய்து, ஒரு நேரத்தில் ஒரு அடுக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். "தெரியும்க்கா, இதோட மூணாவது தடவ சொல்றீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

நேற்றுக் காலை பிறந்தாள். பெண். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கை அவளுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா பார்த்த உடனே, "அவரேதான்! முறைக்கிறத பாரு" என்றாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கண்ணைத் திறந்து எதையோ பார்த்தாள். என்னையா, விளக்கையா? அந்த நெற்றிக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருக்கிறது! தட்டில் பார்த்ததெல்லாம் சுண்டைக்காய். வாசலில் நின்று எட்டிப் பார்த்ததற்கே அவ்வளவு வியந்தேன், இங்கே வீடே என் கையில் கிடக்கிறது. மூச்சுவிடுகிறது. கொட்டாவி விடுகிறது.

இன்று மதியம் நர்ஸ் டேப்போடு வந்தார். கால், நெஞ்சு, கடைசியாகத் தலை. இன்னொரு தடவை சுற்றி அளந்தார். எனக்குத் தெரியும், இரண்டாவது தடவை அளந்தால் என்ன அர்த்தம் என்று. லிஃப்ட்காரர் என் காலைப் பிடித்துக்கொண்டார், போர்வையோடு.

"தல கொஞ்சம் சின்னதா இருக்கே. யாரு மாதிரி?"

"அவங்க அம்மா மாதிரி" என்றார் அவர். "வாயத் திறந்தா தெரியும் பாருங்க."

"டாக்டர்கிட்ட சொல்லி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கச் சொல்லட்டுமா?"

"எடுக்கலாம்" என்றேன். "ஆனா இன்னைக்கு வேணாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

நர்ஸ் தலையாட்டினார். கால்மாட்டில் தொங்கிய அட்டையில் வளைகோடுகள் போட்ட படம் இருந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மிகக் கீழே உள்ள கோட்டை ஒட்டி ஒரு புள்ளி வைத்தார்.

நீலப் பேனா.